நாகையா தடவிய கழுத்துகள்

மலேசியாவில், கிள்ளான் நாகையா கடைக்கு முடி வெட்டப் போகிறவன் கழுத்தையும் ஒப்படைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக என் தலை அவர் கையில்தான். போன வருடம் திடீரென்று தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, தக்காளி பொறுக்குவதுபோல் அமுக்க ஆரம்பித்தார்.

"முடி வெட்ட வந்தனா, ஸ்கேன் எடுக்க வந்தனா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஆடாம இருங்க லா அண்ணே. நல்ல கழுத்து எப்படி இருக்கும்னு கைக்குப் பழகணும்."

காரணம் அவர் மகள் தாமரை. ஆறு வயது. அம்மா வாணியின் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி அவளுக்கு வைத்திருந்தார்கள். பெரியவர்கள் உடம்பில் சும்மா தூங்கும் ஒரு வைரஸ் அந்தத் துண்டோடு பிள்ளைக்குள்ளும் போயிருக்கலாமாம். புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அப்போது வைரஸ் பெருகி, சில பிள்ளைகளுக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுமாம். கழுத்தில் கட்டி தென்பட்டால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

மனுஷன் ஊர்க் கழுத்தையெல்லாம் பிடித்துக்கொண்டார். பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வரும் பக்கிரிசாமியிடம் "லேசா வீக்கம்" என்று சொல்லப்போக, அவர் உயில் எழுத வக்கீலைத் தேடினார். கடைசியில் சொத்தைப் பல்.

ஒரு சனிக்கிழமை நான் நாற்காலியில் இருந்தபோது, வாணி தாமரையோடு வந்தாள். "எல்லார் கழுத்தையும் பாக்குறாரு. சொந்தப் பிள்ளைய இன்னும் தொட்டதில்ல அண்ணே."

ஊருக்குத்தான் உபதேசமா என்று திட்ட வாயெடுத்தேன். நாகையா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஏதாச்சும் தட்டுப்பட்டுட்டா என்ன பண்றது அண்ணே?"

தாமரை என்னை நகர்த்திவிட்டு நாற்காலியில் ஏறினாள். "அப்பா, எனக்கும்."

தொட்டார். இடப்பக்கம் விரல் நின்றுவிட்டது.

கழுத்தில் கட்டிய துணியோடு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டினேன். நர்ஸ் என்னை நோயாளி என்று நினைத்துக் கட்டிலைக் காட்டினாள்.

வைரஸ் எண்ணிக்கை ஏறியிருந்தது. கட்டியில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோயாகவில்லை. டாக்டர் ஈரலுக்காகக் கொடுத்த மருந்தைக் குறைத்தார். ஒரு மாதத்தில் கட்டி வற்றியது.

"நேரத்துல கண்டுபிடிச்சீங்கன்னு டாக்டர் சொன்னாரு அண்ணே," என்று என் முகத்தை மழித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். கையில் கத்தியோடு அழுகிறவரிடம் யார் வாய் கொடுப்பது? என் மீசையில் ஒரு பக்கம் போய்விட்டது. எனக்கும் கண் கலங்கியது. மறுபக்கத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்.