முதல் பரிசு பெற்ற மூட்டை

எங்கள் வீட்டில் போதுமான குப்பை இல்லையே என்று நான் ஒருமுறை தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் குடியிருந்தோம்.

எங்கள் டீச்சர் பிளாஸ்டிக்கைப் பற்றி அருமையாகத்தான் பாடம் எடுத்தார். ஓணம் விடுமுறைக்கு முன்னால் ஒரு பூந்தொட்டியில் வாழையிலைத் துண்டு ஒன்றையும் பால் கவர் ஒன்றையும் எங்கள் கையாலேயே புதைக்க வைத்தார். கிறிஸ்துமஸ் கழிந்து தோண்டிப் பார்த்தபோது இலை மண்ணோடு மண்ணாகியிருந்தது. கவரில் அச்சடித்திருந்த பசுவின் கொம்புகூட அழியவில்லை. இதுதான் ஓடையை அடைக்கிறது, ஆற்றில் இறங்கி மீன் வயிற்றில் சேர்கிறது, பொடிப்பொடியானாலும் மக்காமல் கடல்வரை போகிறது என்றார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் பாடத்தை முடிக்கும்போது ஒரு போட்டியை அறிவித்தார். வீட்டில் சேரும் பிளாஸ்டிக் கவர்களைக் கழுவி உலர்த்தி, பதினைந்து நாளில் யார் அதிகம் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு முதல் பரிசு. அதற்குப் பிறகு என் மண்டையில் பரிசைத் தவிர வேறு எதுவும் நிற்கவில்லை.

மறுநாள் நான் கொண்டுபோனது இரண்டே இரண்டு கவர். "இத்ரயே உள்ளோ, மோளே?" இவ்வளவுதானா என்று டீச்சர் அன்பாகத்தான் கேட்டார். பக்கத்து பெஞ்சுப் பையன் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான். உங்கள் வீட்டில் ஒன்றும் வாங்குவதே இல்லையா என்று அவன் கேட்க, வகுப்பே சிரித்தது.

குற்றம் முழுவதும் அம்மாவுடையது. பால் அடுத்த தெரு பால்காரரிடம், பாத்திரத்தில். எண்ணெய் கடையிலிருந்து தூக்கில். மாவு வீட்டிலேயே அரைத்தது. காய்கறிக்காரர் கவரை எடுக்கும் முன்பே துணிப்பையை விரித்துப் பிடித்துவிடுவாள். யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. கண்டதை வீட்டுக்குள் சேர்ப்பது அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"நம்மாத்துல இல்லாததுக்கு நான் எங்கடி போவேன்?" என்றாள், நான் அழுததைப் பார்த்து.

எங்களோடு இருந்த சித்தப்பா எந்த வழக்கிலும் என் கட்சி. "கொழந்தை ஒரு சம்மானம் வாங்கட்டுமே மன்னி. பதினஞ்சு நாள்தானே?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றுவிட்டாள்.

பால்காரரை நிறுத்தினோம். சித்தப்பா பாக்கெட் பால் வாங்கிவந்தார், அதுவும் அரை லிட்டராக வாங்கினால் கவர் இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டு. சர்க்கார் ஆபீஸ் மூளை அல்லவா! நேந்திரங்காய் வறுவல் பெரிய பொட்டலத்துக்குப் பதில் பத்துச் சின்னப் பொட்டலமாக வந்தது. மஞ்சள், மிளகாய், மல்லி எல்லாம் பாக்கெட்டில் வந்தன. நான் தினமும் ஒரு பாக்கெட் ஷாம்பு போட்டுக் குளித்து மணத்தேன். அம்மாவின் தோசைக்குத் தெருவே சாட்சி சொல்லும். அவள் கடை மாவைக் கல்லில் ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா ஒரு வாய் போட்டு ஏதோ சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினார். மத்தியானம் முழுவதும் அம்மா ஒவ்வொரு கவராகப் பிசுக்குப் போகக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். துணி உலர்த்த இடமில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று பரிசளிப்பு. என் மூட்டைக்கு முன்னால் மற்ற மூட்டைகள் எல்லாம் குழந்தைகள். கைதட்டலுக்கு நடுவே டீச்சர் அம்மாவையும் மேடைக்குக் கூப்பிட்டார். எப்படி இவ்வளவு சேர்த்தீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா பொய் சொல்ல மாட்டாள். பின்வரிசையில் சித்தப்பா தலையை நிமிர்த்தி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் தமிழ் வாடை வீசும் மலையாளத்தில், "மோள் பறஞ்ஞு. ஞான் கழுகி ஒணக்கி. அத்ரயே உள்ளூ" என்றாள். மகள் சொன்னாள், நான் கழுவிக் காயவைத்தேன், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அரங்கம் அதிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் பரிசை உயர்த்திக் காட்டி, என் அம்மா மைக்கில் பேசினாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கையை அன்றைக்கு நான் விடவே இல்லை.

இன்றைக்கும் அம்மாவை நினைத்தால் அந்த மேடைதான் முதலில் ஞாபகம் வருகிறது, பெருமையில் நெஞ்சு விம்முகிறது. அந்த அரங்கத்தில் டீச்சரின் பாடத்தை வருஷக்கணக்காக நடத்திக் காட்டிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். எங்கள் வீட்டுக்குள் இதெல்லாம் வருவதே கிடையாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அத்தனை கைதட்டலும் அவளுக்குப் போயிருக்கும். மைக் கையில் இருந்தும் அவள் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்கத் தோன்றாமல், பக்கத்தில் நின்று நான் பரிசுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.