ரசவாதமும் முழங்கால் வாதமும்

என் பேச்சைக் கேட்க உட்கார இடமில்லாமல் கூட்டம் நின்றது... நம்ப முடிகிறதா? அருப்புக்கோட்டை வாசகசாலையில், போன மாதம்தான்.

தலைப்பு: ‘ரசவாதம் — பட விளக்கத்துடன்’. ஈயத்தைத் தங்கமாக்கும் வித்தையை, மனிதன் மனம் மாறுவதற்கு அடையாளமாக வரைந்தார்கள் மேல்நாட்டு ஓவியர்கள். அதைப் பற்றி என் சொற்பொழிவு! பாலவனத்தத்திலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதிப் பேர் கையில் கம்பு இருந்ததையும், ஹால் முழுக்கத் தைல வாடை அடித்ததையும் கவனித்திருக்க வேண்டாமோ?

தன் வாலைத் தானே விழுங்கும் பாம்புப் படத்தைத் தூக்கிக் காட்டினேன்.

“வாதம் இழுத்தா நானும் இப்பிடித்தான் சுருண்டு கெடப்பேன்” என்றது ஒரு குரல்.

ஆகா, தத்துவம் புரிகிறது என்று பூரித்துப் போனேன்.

அடுத்த படத்தில், கொதிக்கும் கொப்பரைக்குள் ஒரு கிழவர். தலைமேல் வெள்ளைப் புறா. முன்வரிசையிலிருந்து பருத்திவிதைக் கடை அண்ணாச்சி மெல்ல எழுந்தார்.

“தம்பி, அந்தத் தண்ணியில என்ன கரைக்கணும்?”

என்ன ஆழமான கேள்வி! கண்ணை மூடிக்கொண்டு, “ஆணவம்!” என்றேன். மைக் கரகரத்தது.

இந்த வாரம் அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். போனபிறகுதான் சங்கதி தெரிந்தது. தாரை வார்க்க அவர் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். இரண்டு முழங்காலும் மாதக்கணக்காக மடங்கவில்லையாம். ஒரே மகள். நாற்காலியில் உட்கார்ந்தா கொடுப்பது என்று மனுஷர் அழுதே விட்டாராம். பந்தலே அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மடங்கியது! சம்மணம் போட்டு, தாரை வார்த்து, எழுந்தும் விட்டார். நேரே என்னிடம்தான் வந்தார்.

“எல்லாம் நீங்க சொன்ன ஆமணக்குதான் தம்பி! எலையக் கொதிக்க வச்சு, வெதுவெதுன்னு அண்டாவுல தெனமும் உக்காந்தேன்ல.”

ஆமணக்கா?

“புறாதான் சிக்கல. தலையில கோழிய வச்சேன். நிக்கவே மாட்டேங்குது... எங்க வீட்டுக்காரிதான் பிடிச்சுக்கிட்டா.”

ரசவாதம் என்பது புதுசாக வந்த வாத நோய், அதற்கு டாக்டர் பேச வருகிறார் — இதுதான் ஊருக்குள் பேச்சாம். இப்போது என் வீட்டு வாசலில் கம்பும் கையுமாகக் கூட்டம். ஓவியத்தைப் பற்றிப் பேசினால், “அது கெடக்கட்டும், முட்டியப் பாருங்க” என்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு ஆமணக்கு கரைந்தது. ஆணவம் கரைந்தது எனக்குத்தான்... கோழிகூடத் தேவைப்படவில்லை!