ஆறு பேர் ஜாமீன்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அண்ணன் ஏதாவது ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று அந்தக் கையெழுத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்த அண்ணன், அப்பா இறந்தபின் பத்தொன்பது வயதில் நெய்வேலிக்கு வந்தார். முதலில் கான்ட்ராக்ட் வேலை. பிறகு சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார்.

எழுபதுகளில் எண்ணெய் நாடுகள் விலையை ஏற்றின. எங்கோ ஏற்றியது எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பு வரைக்கும் வந்தது. அரிசி, சோப்பு, பஸ் டிக்கெட் என்று எதைத் தொட்டாலும் சுட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் நிதிக் கம்பெனி, பேங்கைப் போல மூன்று மடங்கு வட்டி என்று கடை விரித்தது. அண்ணனோடு வேலை பார்த்த முத்தாண்டிக்குப்பம் கலியபெருமாள் அந்தச் செய்தியை ஷிப்டுக்குக் கொண்டுவந்தார். அண்ணனையும் சேர்த்து ஆறு பேர் தொழிலாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் வாங்கி அங்கே போட்டார்கள். சங்கக் கடனுக்கு இரண்டு பெர்மனென்ட் தொழிலாளர் ஜாமீன் வேண்டும். வெளியே போய்த் தேடுவானேன்? ஆறு பேரும் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். என் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் அந்தக் கம்பெனிக்கே போனது.

ஒரு திங்கட்கிழமை கம்பெனி திறக்கவில்லை. கலியபெருமாள் வேலைக்கு வருவதை நிறுத்தினார். அவருடைய தவணையும் ஜாமீன் போட்ட அண்ணனின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மற்ற நால்வரும் ஊரைப் பார்க்கப் போய்விடலாமா என்று யோசித்தார்கள். அண்ணன் அவர்களை வீட்டுக்கு வரவழைத்தார்.

"வெளிநாட்டுல பேங்க் விழுந்துச்சுன்னு ரேடியோவுல கேட்டோம்லா? ஒன்னை நம்பி இன்னொன்னு நின்னுருக்கு. நாமளும் அதையேதான் செஞ்சிருக்கோம். ஆறு பேரும் ஒரே இடத்துல காசைப் போட்டுட்டு யாரு யாரைத் தாங்க? ஆனா வேலை இருக்கு. அடைச்சிரலாம். ஒருத்தனும் ஓடக்கூடாது."

மறுநாளே சைக்கிளில் போய்க் கலியபெருமாளை அழைத்துவந்தார்.

"எந்த மூஞ்சிய வச்சிகினு உங்க வூட்டுக்கு வர்றதுங்க? தங்கச்சி கல்யாணக் காசும் போச்சே" என்று அவர் வாசலிலேயே நின்றார்.

"வேலையும் போச்சுன்னா அதைவிட மோசம்யா. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வா."

நான் உள்ளேயே இருந்தேன். அன்று மட்டுமல்ல, அதன்பின் எத்தனையோ முறை வந்தவருக்கு ஒரு வாய் காபி கொடுக்கவில்லை. என் கல்யாணம் நான்கு வருடம் தள்ளிப்போயிற்று. எனக்கு அவ்வளவு கோபம். அந்த நான்கு வருடமும் ஆறு பேரும் ஓவர்டைம் பார்த்துக் கடனை அடைத்தார்கள். ஒருவரும் ஓடவில்லை.

பிறகும் அண்ணன் ஜாமீன் போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் பேனாவைத் திறக்கும்முன் கேட்பார்: காசு எதில் போகிறது? உனக்கு ஜாமீன் போடுகிறவனுக்கு யார் ஜாமீன் போட்டிருக்கிறார்கள்? இதற்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் வணக்கம்.

அண்ணனின் கடைசிப் பதினோரு நாட்களில் உடனிருந்த மருத்துவர்கள், ரத்தம் கொடுத்த ஷிப்ட் தோழர்கள், சாப்பாடு அனுப்பிய பிளாக் குடும்பங்கள் அனைவருக்கும் அம்மா, அண்ணி சார்பிலும் என் சார்பிலும் நன்றி. அத்தனை நாளும் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் கலியபெருமாள். வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள் என்றேன்.

"இந்த வாட்டி நான் எங்கயும் போவல தங்கச்சி" என்றார்.

அன்றுதான் முதன்முதலாக அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். இதையெல்லாம் எழுதச் சம்மதித்தவரும் அவரே. அவரிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.