சலூன்காரர் படகு இறக்கிய ஞாயிறு

மாமா சலூன் நடத்துபவர். பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி வந்து வீட்டு வாசலை அடைத்து நிறுத்தினார். அத்தை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஒரு தடவை வரேன். பயமா இருந்துச்சுன்னா அன்னைக்கே வித்துடணும்." மாமா ஒப்புக்கொண்டார். வாங்கிக்கொள்ள எதிர்வீட்டு மெக்கானிக் தயார். தினமும் படகைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

மாமா துடைத்த துடைப்பில் படகின் பெயின்ட் ஒரு சுற்று இளைத்துவிட்டது.

ஞாயிறன்று கடையைச் சாத்திவிட்டு ஏரிக்குப் போனோம். மெக்கானிக்கும் பைக்கில் வந்தார். படகு இறக்கும் சரிவில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. படகு ஏற்றிய டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது லேசல்ல. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் ஓடும். முன்னால் போனவர் பாம்பு மாதிரி நெளிந்தார். மாமாவோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வழுக்கியதுபோல் இறக்கினார். கண்ணாடிக்குள் தலைகளைப் பார்த்தே தொழில் செய்தவருக்கு இடம் வலமாவது புதிதா என்ன?

"பாத்தியா?" என்றார்.

"மிதக்கட்டும், அப்புறம் பேசுங்க," என்றார் அத்தை.

படகின் பின்பாகம் தண்ணீரைத் தொட்டது. மாமா இறங்கி எட்டிப் பார்த்தார். படகின் தரையில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிவதற்காகப் பின்னால் இருக்கும் ஓட்டையில் மூடி இல்லை. கழுவும்போது கழற்றியவர் மாட்டவில்லை.

"எங்க வச்சீங்க?" என்றார் அத்தை.

மாமா தலையைச் சொறிந்தார். "கடையில. சீப்பு ஊறப்போடுற மருந்துத் தண்ணில போட்டேன். அழுக்கா இருந்துச்சு."

"ஏங்க, மூடிக்குப் பொடுகா?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒருவர், "துணிய அடைச்சிட்டுப் போங்க சார், ஒண்ணும் ஆகாது," என்றார். மாமா தலையை அசைத்தார். "முடிய ஒட்ட வெட்டிட்டா வளர்ந்துடும். இதுல ஆள் உக்காரணும்."

டிரெய்லரோடு படகைப் பிடித்திருந்த பட்டையை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை; உள்ளே பார்த்த பிறகே அவிழ்ப்பது என்று வைத்திருந்தார். அப்படியே மேலே இழுத்தார். அத்தனை பேர் முன்னிலையிலும் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டியது. மாமாவின் காதுமடல்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, பேசாம எங்கிட்ட தள்ளிடுங்க," என்றார் மெக்கானிக்.

"நான் இன்னும் ஏறவே இல்லையே," என்றார் அத்தை. மாமா பக்கம் திரும்பி, "கடைச் சாவி இருக்கா?" என்றார்.

மூடியோடு திரும்பி வந்து, வரிசையின் கடைசியில் நின்று இறக்கினோம். தரையில் ஒரு சொட்டு இல்லை. மாமா பட்டையை அவிழ்த்தார். மிதவைச் சட்டையின் கொக்கிகளை மாட்டிக்கொண்டு அத்தை நடுப்பலகையில் அமர்ந்தார். கரையோரத்தைத் தாண்டும்வரை படகு நடை வேகத்தில்தான் போனது. மாமாவின் மணிக்கட்டிலிருந்து எஞ்சினுக்கு ஒரு சிவப்புக் கயிறு.

"இது எதுக்கு?"

"நான் விழுந்தா கயிறு புடுங்கிக்கும். எஞ்சின் நின்னுடும்."

"நான் விழுந்தா?"

"சத்தம் நின்னுடும்."

அத்தை எட்டிக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். எஞ்சின் நின்றது. ஏரி, அப்போதுதான் யாரோ விரித்துப் போட்டதுபோல், அகலமாகக் கிடந்தது. அத்தை காலை நீட்டிக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கடைய மதியத்துக்கு மேல தொறந்தா போதும்."