டேக்கை ஸ்கேனர் படிக்கவில்லை: சிவகாசியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு ஒரு காலைப் பயணம்

விமானம் ஏறத்தான் எல்லாரும் விமான நிலையம் போவார்கள். போன ஆனி மாதம் ஒரு புதன்கிழமை நான் மதுரை விமான நிலையத்துக்குப் போனது வேறு காரியமாக. நான் விற்ற சரக்கை அங்குள்ள கணினி ஏன் படிக்க மாட்டேன் என்கிறது என்று பார்க்கப் போனேன்.

எனக்குச் சொந்த அச்சகம் கிடையாது. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பேப்பர் கட்டுச் சுமந்து ஆரம்பித்தவன். இப்போது ஆர்டர் பிடிக்கிறேன், பேப்பர் வாங்குகிறேன், தெரிந்த பிரஸ்ஸில் ஓட்டி வாங்கி விற்கிறேன். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், ஊறுகாய் லேபிள் என்று போய் லக்கேஜ் டேக்கில் வந்து நின்றேன். விமானத்தில் ஏற்றும் பெட்டியின் கைப்பிடியில் நீளமாக ஒரு சீட்டைச் சுற்றி ஒட்டுகிறார்களே, அதுதான் டேக். நாங்கள் வெற்றுச் சுருளாகக் கொடுப்போம். கவுண்டரில் இருக்கும் பிரிண்டர் அதில் பயணியின் பெயரையும் பார்கோடையும் அடித்துக்கொள்ளும்.

விமானங்களுக்குத் தரைவேலை பார்க்கும் ஒரு கம்பெனி நாற்பது அட்டைப்பெட்டி வாங்கியது. ஒழுங்காக ஓடினால் வருட ஆர்டர் என்றார்கள். இரண்டாவது மாதமே போன் வந்தது: மூன்று டேக்குக்கு ஒன்று ஸ்கேன் ஆகவில்லை, நேரில் வாருங்கள். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகிவிட்டால் எங்கள் ஊரில் எவனுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

காலை 5.20க்கு வண்டி ஏறினேன். போக வர வாடகை 2,800 ரூபாய், டிரைவர் பேட்டா 300. டிரைவர் சீனி நாரணாபுரத்துக்காரர். பத்து வருடம் பட்டாசு கம்பெனியில் பேக்கிங் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். திருத்தங்கல் வழியாக விருதுநகர் சேர்ந்தபோது மணி ஆறு. டீ 15 ரூபாய். டீயைக் குடித்துக்கொண்டே பின்சீட்டைப் பார்த்த சீனி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டா ஏர்போர்ட்டுக்குள்ள போகப் போறீக?"

"ஏன், சாம்பிள் சுருள்தானய்யா இருக்கு?"

"உள்ள சுருள்தான். வெளிய புஸ்வாணம்னு எம்புட்டுப் பெருசா எழுதியிருக்கு பாத்தீகளா? வாசல்லயே உங்களக் குப்புறப் படுக்கப் போட்டுருவாக. நான் வண்டியத் திருப்பிக்கிட்டு ஊரப் பாத்துப் போயிருவேன், இப்பமே சொல்லிட்டேன்."

எங்கள் ஊரில் எந்தச் சரக்கும் கையில் கிடைத்த பட்டாசுப் பெட்டியில்தான் போகும். பழகிப் போனதால் கண்ணுக்கே தெரிவதில்லை. பக்கத்துக் கடையில் 60 ரூபாய்க்கு ஒரு துணிப்பை வாங்கிச் சுருள்களை மாற்றினேன். பெட்டியை டீக்கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து நான்கு வழிச் சாலையில் திருமங்கலம் வழியாகப் போனோம். காரியாபட்டி பக்கமாகவும் போகலாம், ஆனால் சீனிக்கு இந்தச் சாலைதான் பிடிக்கும். 7.10க்கு விமான நிலைய வாசல். மீட்டரில் 71 கிலோமீட்டர். உள்ளே போக ஒரு நாள் பாஸ் வேண்டும். அதைக் கம்பெனியே முன்கூட்டி எழுதிப் போட்டு எடுத்து வைத்திருந்தது. அசல் ஆதாரைப் பார்த்தார்கள், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒளிரும் மேல்சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். கூடவே வர ஓர் ஆள். இதெல்லாம் முடிய ஐம்பது நிமிடம் ஆனது.

கவுண்டரில் நாம் ஒப்படைக்கும் பெட்டி பெல்ட்டில் போய் மறைகிறதே, அதற்குப் பின்னால் நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பெட்டி சோதனை முடிந்து ஒரு கூடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே லோடர் கையில் போன் மாதிரி ஒரு ஸ்கேனர். டேக்கில் காட்டினால் 'டிங்' என்று சத்தம் வந்து திரை பச்சையாகிறது. இந்தப் பெட்டி இந்த விமானத்துக்கு, இந்தப் பயணி வந்துவிட்டார், ஏற்று என்று அர்த்தம். சிவப்பு வந்தால் பெட்டி நிற்கும். விமானத்துக்கு இழுத்துப் போகும் எந்த வண்டியில் எத்தனை பெட்டி, எது முதலில் ஏறியது என்று எல்லாம் கணினிக்குத் தெரியும். ஆள் வராவிட்டால் அவர் பெட்டியை மட்டும் தேடி இறக்க அதுதான் வழி.

ஸ்கேன் ஆகாத டேக்குக்குப் பத்து இலக்க எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த பாண்டி அதைத்தான் செய்துகொண்டிருந்தார். காரியாபட்டிக்காரர், முப்பது வயதிருக்கும். மற்றவர்கள் ஒரு டேக்கை ஐந்தாறு தடவை திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். பாண்டி இரண்டு தடவை பார்ப்பார், மூன்றாவது தடவை அடித்துவிடுவார். அவர் வண்டிதான் முதலில் நிறைந்தது.

கூட வந்தவர் போன் பேச ஒதுங்கினார். பாண்டி கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்.

"சிவகாசி அண்ணாச்சியா நீங்க? உங்க டேக்கால எனக்கு மெமோ வந்துருக்கு, தெரியுமா?"

"எதுக்கு?"

"கையால அடிக்கிறதக் கம்ப்யூட்டரு எண்ணுதுல்ல. மாசக் கடைசில லிஸ்டு போட்டா நான்தான் மொத ஆளு. ஸ்கேன் பண்ணச் சோம்பேறித்தனப்பட்டு அடிக்கிறேனாம். நாளைக்கு விசாரணை. ரெண்டாவது மெமோ இது. காண்ட்ராக்ட்ல இருக்கவனுக்கு மூணாவது கெடையாது அண்ணாச்சி, கேட்டுக்கு வெளியதான்." அடுத்த டேக்கை என் முன் நீட்டினார். "இங்கன பாருங்க. கோடு இந்த நீலத்துக்குக் கிட்டக்க ஒட்டிக்கிட்டு வந்தா அது படிக்காது. தள்ளி வந்தா படிக்கும். பழைய டேக்குல இந்த நீலமே கெடையாதுல்ல. சொன்னேன். 'உன் வேலையப் பாரு'ன்னுட்டாக."

அந்த நீலம் என் வேலை.

சாம்பிள் கொடுத்தபோது டேக் வெள்ளையாகத்தான் இருந்தது. மொத்தமாக ஓட்டும்போது மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தேன். இவ்வளவு வெள்ளை விட்டால் அடித்தவன் சோம்பேறி என்று நினைப்பார்களே என்று தோன்றியது. எங்கள் ஊர்க் கண்ணுக்குக் காலிப் பேப்பர் என்றால் நஷ்டம். ஓரத்தில் இரண்டு பக்கமும் கருநீலப் பட்டை போடச் சொன்னேன். கம்பெனிக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அவர்களும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பார்கோடின் இரு முனையிலும் கொஞ்சம் வெள்ளை இருந்தால்தான் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஸ்கேனருக்குப் பிடிபடும். கவுண்டர் பிரிண்டர் ஒரு நூல் ஓரத்துக்குத் தள்ளி அடித்தால் போதும், என் பட்டையும் ஸ்கேனருக்கு இன்னொரு கோடாகிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டியூட்டி மேனேஜர் வந்தார். சென்னைப் பக்கத்துப் பெண், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. "என்ன சார், டேக்ல பிரச்சனையா, எங்க ஆளுங்க கிட்ட பிரச்சனையா?"

உள்ளதைச் சொல்கிறேன். "பிரிண்டர் ரோலரைத் துடைச்சுப் பாருங்க மேடம்" என்று பழியைப் பிரிண்டர் மேல் போடத்தான் என் வாயில் முதலில் வந்தது. வியாபாரிக்கு வாய் முந்தும். நாற்பது பெட்டி, வருட ஆர்டர், அடுத்தவன் உள்ளே புகுந்துவிடுவான் என்பதெல்லாம் ஒரே நொடியில் ஓடியது. பாண்டி என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த பெட்டியைத் தூக்கி வைத்து எண்ணை அடித்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

மேசையில் வெள்ளை ஸ்டிக்கர் தாள் கிடந்தது. படிக்காத டேக் ஒட்டிய பெட்டிகள் நான்கை வரிசையாக வைத்தேன். ஸ்டிக்கரை மெல்லிசாகக் கிழித்து நீலப் பட்டையின் மேல் ஒட்டினேன். "இப்ப காட்டுங்க பாண்டி" என்றேன். டிங். அடுத்தது டிங். நாலையும் படித்தது.

"அம்புட்டுத்தானா!" என்று பாண்டி வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு மாசமா எனக்குக் கைவிரல் தேஞ்சு போச்சு அண்ணாச்சி."

மேனேஜர் சிரிக்கவில்லை. "மெமோ சிஸ்டம்ல ஏறிடுச்சு. வாய்ல சொன்னா நான் எடுக்க முடியாது. தப்பு டேக்லதான்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அதை அட்டாச் பண்ணலாம். ஆனா அந்த லெட்டர் ஹெட் ஆபீஸுக்கும் போகும் சார். உங்க ஆர்டருக்கு நான் கேரண்டி இல்ல."

பேனா வாங்கி எழுதினேன். ஐந்து வரி. 'ஒப்புதல் பெற்ற மாதிரியை நானே மாற்றினேன்' என்ற வரியில்தான் கை கொஞ்சம் நின்றது.

வெளியே வரும்போது மணி 10.40. திரும்பும் வழியில் விருதுநகரில் எண்ணெய் புரோட்டா, இரண்டு பேருக்கு 260 ரூபாய். சீனி கதையைக் கேட்டுவிட்டு, "காசு குடுத்து வினைய வாங்கி ஓரத்துல ஒட்டிருக்கீக" என்றார். சால்னாவை இன்னும் ஊற்றச் சொன்னேன்.

எட்டாம் நாள் பாண்டி கூப்பிட்டார். மெமோவை எடுத்துவிட்டார்களாம். மீதிச் சரக்கை நான் திருப்பி எடுத்துக்கொண்டு வெள்ளை டேக் அடித்துக் கொடுத்தேன். வருட ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

கணினி பொய் சொல்லவில்லை. பாண்டி கையால் அடித்தது உண்மைதான், அதைச் சரியாகத்தான் எண்ணியது. ஏன் அடித்தார் என்று கேட்க அதில் இடம் இல்லை. அதைக் கேட்க ஒரு ஆள் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு வேலையாக விமான நிலையம் போகும் சிறு வியாபாரிகளுக்குச் சில வார்த்தை. பாஸுக்கு ஒரு வாரம் முன்பே ஆவணங்களைக் கொடுத்துவிடுங்கள். சிவகாசியிலிருந்து இரண்டு மணி நேரமும் வாசல் சோதனைக்கு ஒரு மணி நேரமும் வையுங்கள். சாம்பிளைப் பட்டாசுப் பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள். அதிகாரி அறைக்குப் போகுமுன் ஸ்கேனர் பிடிக்கும் ஆளிடம் பத்து நிமிடம் நில்லுங்கள். தவறு உங்களுடையது என்று தெரிந்துவிட்டால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வண்டி ஏறிவிட்டால் எழுபது கிலோமீட்டர் இருக்கிறது. அதற்குள் நம் பக்கம் ஆயிரம் நியாயம் சேர்ந்துவிடும்.