ஏழாம் மாடி வீட்டுக்காரர்

லம்துவானின் பெயருக்கு வீடு மாறிய அன்று மத்தியானம் நல்ல மழை. தான் நனைந்தால் நனையட்டும் என்று பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஆர்னே வாசல் படி ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கினார்.

தாய்லாந்தின் ஜோம்தியன் கடற்கரையில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் துணி தேய்க்கிறவள். முதல் புருஷன் ஓடிப்போனதும், அவன் அக்கா இவளுடைய துணிமணிகளைத் தெருவில் வீசி வீட்டைப் பூட்டிக்கொண்டாள். அன்றைக்கு ரோய் எத் ஊரிலிருந்து பஸ் ஏறியவள்தான். பூட்டின கதவுக்கு வெளியே நின்ற அந்த ஒரு மணி நேரத்தை அவள் மறக்கவேயில்லை. அதை மறந்திருந்தால் இந்தக் கதையும் இல்லை.

ஆர்னே நார்வே நாட்டுக்காரர். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்று, கடலைப் பார்த்தபடி ஏழாம் மாடியில் தனியாக இருந்தவர். அவள் கடைக்குத் தேய்த்த சட்டையையே மறுபடி தேய்க்கக் கொண்டுவருவார். "ஏன் தாத்தா, இது நேத்து நான் தேய்ச்சதுதானே?" என்று அவள் கேட்பாள். "கசங்கிடுச்சு" என்பார். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். பக்கத்தில் பப்பாளி சாலட் இடிக்கிற சோம்ஜித் அக்கா உலக்கையை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். இப்படித்தான் கல்யாணம் வரைக்கும் போனது.

அவர் வீட்டுக்குக் குடிவந்த அன்று லம்துவான் முறைப்படிதான் செய்தாள். கட்டட வாசலில் கம்பத்தின் மேல் நிற்கும் சின்னக் கோயிலில் ஊதுபத்தி ஏற்றி, சிவப்பு சோடாவில் உறிஞ்சுகுழல் போட்டு வைத்து, இடத்துச் சாமியிடம் சொன்னாள்: "நான் ஆர்னே வீட்டு விருந்தாளிங்க. அவரு இருக்கிற வரைக்கும் இருந்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க." கல்யாணத்துக்குப் பிறகும் அதையேதான் சொல்லிவந்தாள். இடத்துக்காரர்களிடம் அடங்கிப் பேசுவது நல்லது என்பது அவள் எண்ணம்.

பிறகு அவருடைய நுரையீரல் கெட்டது. டாக்டர் கையை விரித்தார். ஆர்னேவுக்கு இரண்டே ஆசை. தன் கட்டிலில், கடலைப் பார்த்தபடி போய்ச் சேர வேண்டும். தான் போன பிறகு லம்துவானை யாரும் வெளியே நிறுத்தக் கூடாது. உயில், கோர்ட்டு, நார்வேயில் இருக்கும் மகன் என்று இழுபடுவதைவிட உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

நில அலுவலகத்து அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தாள். "உங்க இஷ்டப்படிதானே குடுக்கறீங்க? யாரும் மிரட்டலையே?"

"தினமும் மிரட்டறா. மருந்து சாப்பிடுன்னு."

அறையே சிரித்தது. லம்துவான் மட்டும் அழுதாள்.

திரும்பி வந்ததும் ஆர்னே லிஃப்டில் மேலே போனார். அவள் நேரே கோயிலுக்கு ஓடினாள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூடவே அந்தப் பழைய பூட்டிய கதவும் நினைவுக்கு வந்துவிட்டது. மழையில் ஊதுபத்தி அணைய அணையப் பற்றவைத்துச் சொன்னாள்: "இன்னிலேருந்து ஏழாம் மாடி வீடு என்னோடதுங்க. எனக்கு மட்டும்தான். வேற யாரு வந்து நின்னாலும் உள்ள விடாதீங்க. வெளியே அனுப்பிடுங்க."

மேலே போனபோது ஆர்னே வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாவி திரும்புகிறது, கதவு திறக்கவில்லை. அவள் கை வைத்ததும் திறந்துகொண்டது. "மழைக்கு ஊறிடுச்சு" என்றாள். அவரும் தலையாட்டினார்.

வீட்டுக்குள் மட்டும் போடுகிற கம்பளிச் செருப்பு ஒன்று அவருக்கு உண்டு, தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. மறுநாள் காலையில் அது வாசலுக்கு வெளியே, லிஃப்டைப் பார்த்தபடி ஜோடியாக இருந்தது. எடுத்து உள்ளே வைத்தாள். அடுத்த நாளும் வெளியே இருந்தது. கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்ட அவர் நாற்காலி, அவள் சமையலறைக்குப் போய் வருவதற்குள் வாசலைப் பார்த்து நின்றது. நகர்த்த அவருக்குத் தெம்பு ஏது?

ஆர்னே தூங்குவதை விட்டுவிட்டார். கட்டிலின் ஓரத்தில், அடுத்தவர் வீட்டில் உட்காருகிறவர் மாதிரி முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"படுங்களேன்."

"கால்மாட்டுல ஒருத்தர் நிக்கறார். யாரைப் பாக்க வந்தீங்கன்னு கேக்கறார்."

அவள் கால்மாட்டைப் பார்த்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"மரியாதையாத்தான் கேக்கறார். எனக்குத்தான் பதில் தெரியல." செருப்பைக் காலால் துழாவினார். "என்னை ஆஸ்பத்திரில சேத்துடு லம்துவான். இது என் வீடு இல்ல போல."

அந்த வார்த்தை அவளை அறுத்துவிட்டது. கீழே ஓடிவந்து சோம்ஜித் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்காவின் உலக்கை பாதியில் நின்றது.

"சாமிகிட்ட என்னடி சொன்னே?"

சொன்னாள்.

"அடிப் பாவி! புருஷனையும் சேத்து வெளியே தள்ளச் சொல்லிட்டு வந்து அழறியா? அவர் பேரை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என் புருஷன்னு சாமிக்குத் தெரியாதாக்கா?"

"அவங்களுக்கு நாம வாயால சொல்றதுதான் கணக்கு. போய்ச் சொல்லிட்டு வா. இந்தத் தடவையாவது பாத்துப் பேசு."

அழுகிறவள் எங்கே பார்த்துப் பேசுவது? கோயில் முன்னால் நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். "வீடு அவரோடதுங்க. எப்பவும் அவரோடதுதான். பேப்பர்ல என்ன இருந்தா என்ன, நான்தான் விருந்தாளி. அவரை அனுப்பிடாதீங்க. யாரு வந்து கூப்பிட்டாலும் அனுப்பாதீங்க."

அன்றிலிருந்து செருப்பு உள்ளேயே இருந்தது. நாற்காலி கடலைப் பார்த்தது. ஆர்னே குழந்தை மாதிரி தூங்கினார். மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு காலை வேளை, மீன்பிடிப் படகுகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே, அவள் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். அவர் ஆசைப்பட்ட சாவுதான். அதில் அவளுக்குப் பெரிய நிம்மதி.

பிக்கு வந்தார். உடலில் கட்டிய வெள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார். இறந்தவர் வழி தவறாமல் கூடவே வர, திரும்பும் இடமெல்லாம் லம்துவான் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "ஆர்னே, வாசல் தாண்டறோம், வாங்க. ஆர்னே, லிஃப்ட் எறங்குது, வாங்க." பாலத்திலும் சொன்னாள், புத்தர் கோயில் வாசலிலும் சொன்னாள். தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் கூப்பிட்டாள். ஏழாம் மாடியில் லிஃப்ட் கதவு மூடும்போதே பிக்கு மட்டும் ஒருமுறை அந்த வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்திருந்தார்.

சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத் தனியாக வீடு திரும்பினாள். சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

மழை இல்லை, மரம் ஊறவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். தன் பெயரில் பத்திரம் இருக்கும் வீட்டின் வெளியே, ரோய் எத்தில் நின்ற மாதிரியே நின்றாள். அப்புறம் தான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வீடு அவரோடதுங்க, நான்தான் விருந்தாளி. யாரு வந்து கூப்பிட்டாலும் அனுப்பாதீங்க. அந்த யாரில் பிக்குவும் உண்டு, அவளும் உண்டு.

கையை உயர்த்தி மெல்லத் தட்டினாள். உள்ளே கம்பளிச் செருப்பு தரையில் உரசிக்கொண்டு வந்தது. தாழ்ப்பாள் விலகியது. கதவைத் தள்ளினால், யாரும் இல்லை. நாற்காலி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் சோம்ஜித் அக்கா உலக்கையைக் கீழே போட்டாள். "மனுஷன் அடுத்த பொறப்புக்குப் போக வேண்டாமாடி? இப்பவே போய், போக விடுங்கன்னு சொல்லு. ரெண்டு வார்த்தை."

லம்துவான் சிவப்பு சோடாவோடு போய் ஊதுபத்தி ஏற்றினாள். வாயைத் திறந்தாள். ஊதுபத்தி முழுதும் எரிந்து விரலைச் சுட்டது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவரைப் பிடித்துவைப்பது பாவம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விட்டுவிட்டால் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் என்பதும் தெரியும்.

காலிக் கையோடு லிஃப்ட் ஏறினாள். கதவின் முன்னால் தலைமுடியை ஒதுக்கி, ரவிக்கையை நீவிவிட்டுக்கொண்டு தட்டினாள்.

"ஆர்னே, விருந்தாளி வந்திருக்கேன்."

செருப்புச் சத்தம் வந்தது.