கடியாரத்துக்கு வைத்த பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பினாங்கு கெலுகோரில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்குள் ஒரு நாற்றம் ஏறி வந்தது. அழுகிய முட்டையையும் கருகிய வெங்காயத்தையும் ஒரே சட்டியில் போட்டு வதக்கியது போல. எதிர்வீட்டு ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது. நான் மட்டும் பால்கனிக்குப் போய் நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டேன். கீழே ஒரு மலாய்க்காரர் பழைய ஜப்பான் காடி ஒன்றை ஜாக்கியில் தூக்கிவைத்து, பின் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் எண்ணெயைப் பிளாஸ்டிக் வாளியில் வடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா அத்தை, அங்க போயி மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மருமகள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"உனக்குத் தெரியாதும்மா. ஒரு காலத்துல இதான் எனக்கு சென்ட்டு" என்றேன்.

பொய் இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் அந்த வாசனை என் தலைமுடியிலேயே குடியிருந்தது. டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் முனியாண்டி அண்ணனின் ஒர்க்‌ஷாப். அங்கே நான் கிளார்க். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வரும். பினாங்கில் அந்தச் சொகுசு வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைத்திருக்காது.

கிளார்க் என்பது பேருக்குத்தான். வந்த காடிக்கு என்ன சீக்கு என்று அட்டையில் எழுதுவது, போனை எடுப்பது, சாமான் கடைக்காரன் தப்பான சாமானை அனுப்பினால் அவனை ஒரு வழி பண்ணுவது, எல்லாம் நான்தான். "இவளுக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்பார் முனியாண்டி அண்ணன். உண்மையைச் சொன்னால், அந்த ஒர்க்‌ஷாப்பே என் வாயால்தான் ஓடுகிறது என்று அப்போது எனக்கு நினைப்பு.

ஆனால் ஒர்க்‌ஷாப் ஓடியது அந்தோணி அண்ணனால். கருத்து, ஒல்லியாக, நாற்பத்தைந்து வயது இருக்கும். சாமான் பெட்டியின் கைப்பிடியில் ஒரு செபமாலை தொங்கும். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார். அதிர்ந்து பேசமாட்டார். காடி எதுவானாலும் பின்சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு, "சந்த ஒரு சுத்து சுத்துங்க" என்பார். காது மட்டும் வேலை செய்யும். திரும்பி வந்து இறங்கும்போது, "எடது பக்கம். அச்சு ஆடுது" என்று சொன்னால் சொன்னதுதான்.

அச்சு ஆடுவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துக் காடிகளில் பின் சக்கரத்தை டிஃபரன்ஷியலோடு சேர்க்கும் இரும்புத் தண்டு, அதுதான் அச்சு, தன் குழாய்க்குள் மயிரிழை அளவு உள்ளேயும் வெளியேயும் போய்வர வேண்டும். அந்த மயிரிழை இல்லாவிட்டால் பேரிங் சூடேறிக் கருகிவிடும். அதிகமானாலோ, ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் 'டொக்' என்று ஒரு குட்டு விழும். நாளாக ஆக எண்ணெய் கசிந்து பிரேக்கில் இறங்கும். பிரேக் பிடிக்காமல் போனால் அப்புறம் பேச்சே இல்லை. வைத்தியம் சின்னதுதான். அச்சின் முனையில் காகிதம் போல மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். அதில் ஒன்றை உருவினால் ஆட்டம் குறையும். எத்தனை உருவுவது என்பதில்தான் இருக்கிறது சங்கதி.

அதை அளக்க அந்தோணி அண்ணன் ஒரு கருவி வைத்திருந்தார். வட்ட முகம், ஒரு முள், அச்சைத் தொட்டு நிற்க ஒரு கம்பி, இரும்பில் ஒட்டிக்கொள்ளக் கீழே காந்தக் கட்டை. டயல் கேஜ் என்பது அதன் பெயர். எங்களுக்கு அது கடியாரம். அவர் சொந்தக் காசில் வாங்கியது. வேலை முடிந்ததும் பழைய பனியன் துணியால் துடைத்து, பெட்டியில் படுக்கவைத்து மூடுவார். பிள்ளையைத் தூளியில் போடுகிறவர்கூட அத்தனை பதவிசாகப் போடமாட்டார். "கை பொய் சொல்லும் தங்கச்சி. கடியாரம் சொல்லாது" என்பார்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். முனியாண்டி அண்ணன் பெரிய பக்திமான். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பைக் கழுவிவிட்டு, ஜாக்கி, சுத்தியல், ஸ்பானர், காற்றுப் பம்பு, என் தட்டச்சு இயந்திரம் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். வைப்பது என் பொறுப்பு. அந்தோணி அண்ணன் மாதாவைக் கும்பிடுகிறவர், ஆனாலும் தன் ஸ்பானர்களை அவரே தேய்த்து வரிசையாக அடுக்கிக் கொடுப்பார். பொரிகடலையை யாரைவிடவும் அதிகம் தின்பவரும் அவர்தான். அந்த வருஷம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எதுக்கு வேணும்னாலும் வையி தங்கச்சி. என் கடியாரத்த மட்டும் தொடாத லா."

"சரிண்ணே" என்றேன்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இத்தனை சாமானுக்கும் பொட்டு வைத்துவிட்டு அவர் உயிராக வைத்திருக்கும் ஒன்றை மட்டும் மூளியாக விடுவதா? அவர் கை கழுவப் போன நேரம் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடியில் வைத்தால் முள் தெரியாது, கம்பியில் வைத்தால் சிக்கிக்கொள்ளும். அவ்வளவு அறிவு எனக்கு இருந்தது! கட்டையைக் கவிழ்த்து அடியில் வைத்தேன். குங்குமம் நிற்கவேண்டும் என்று சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாகவே அப்பினேன். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு பெட்டியை மூடிவைத்தேன்.

பூஜை முடிந்து ஒர்க்‌ஷாப் திறந்த முதல் நாள், கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ராமலிங்கம் வந்தார். டாக்சிக்காரர். அவர் வீட்டில் சோறு வேகிறது என்றால் அந்த டாக்சி ஓடுகிறது என்று அர்த்தம். பின்னால் 'டொக் டொக்'. அந்தோணி அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, கடியாரத்தை ஒட்டவைத்து, அச்சைத் தட்டி உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார். ஆட்டம் அதிகம். ஒரு தகட்டை உருவினார். முள் காட்டிய ஆட்டம் குறையவில்லை. இன்னொன்று. அப்போதும் ஆட்டம் இருப்பதாகவே காட்டியது. கையால் சக்கர முகப்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "கைக்குச் சரியாத்தான் தெரியுது..." என்று முனகினார். மறுபடி கடியாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தகட்டையும் உருவிவிட்டார். ராமலிங்கம் அவசரப்படுத்தவே, அன்றைக்கு மட்டும் கடியாரத்தைத் துடைக்காமலே பெட்டியில் போட்டார்.

மறுநாள் காலை ராமலிங்கத்தின் டாக்சியை இன்னொரு வண்டி கட்டி இழுத்து வந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் பின் சக்கரத்தில் புகை. பிரித்தால் பேரிங் நீலம் பாரித்துக் கிடந்தது. அச்சுக்கு மூச்சுவிட இடமில்லாமல் இறுக்கியிருக்கிறது.

"அலமாக்! பெசஞ்சர் ஏத்தியிருந்தா என்னா ஆவறது?" என்று ராமலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முனியாண்டி அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினார். "கண்ணு தெரியலன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானே? நாளையிலேர்ந்து நீங்க டயர் கழட்டுங்க, ஆயில் மாத்துங்க. அச்சு வேலைக்கு வேற ஆள பாத்துக்கறேன்."

அந்தோணி அண்ணன் சாமான் பெட்டிப் பக்கம் போனார். சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் போட்டார். செபமாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கடைசியில் கடியாரத்தை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்.

"இத நீயே வெச்சுக்க தங்கச்சி. புதுசா வர்றவனுக்குக் குடு. எனக்குக் கண்ணு போச்சி. இனிமே நா யாரு காடிலயும் கை வெக்க மாட்டேன்."

வீட்டில் மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கு அந்த வருஷம் பரீட்சை. எல்லாம் எனக்குத் தெரியும். கடியாரத்தை வாங்கிப் பெட்டியில் வைக்கக் கவிழ்த்தேன். அடியில் மஞ்சளும் சிவப்புமாக, பாதி உதிர்ந்து, பாதி கல்லாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது என் பொட்டு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலத்துக்கும் துடைத்து வைக்கிறவர் அவர்; துடைத்து வைத்ததை எடுக்கும்போது ஏன் துடைக்கப் போகிறார்? காந்தக் கட்டை அந்த மேட்டின்மேல் அரைகுறையாக ஒட்டியிருக்கிறது. அச்சைத் தட்டி இழுக்கும்போதெல்லாம் கட்டையும் கூடவே ஆடி, இல்லாத ஆட்டத்தை முள்ளில் காட்டியிருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் போதும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த யோசனை வரவே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். நகத்தைக்கூட வைத்துவிட்டேன். அதற்குள் அவர் வாசலில் செருப்பை மாட்டுவது தெரிந்தது.

"அண்ணே, நில்லுங்க!" சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நாந்தான் பொட்டு வெச்சேன். தோ, இங்க!"

முனியாண்டி அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தார். "சாமிக்கு வெச்ச பொட்டு மேலயே பழி போடறியா? பொட்டு வெச்சா காடி கெட்டுப்போவுமா? யாருகிட்ட கத வுடற?"

"சாமிய யாருண்ணே சொன்னா? வெச்சவளத்தான் சொல்றேன். நம்பலன்னா வாங்க, காட்டறேன்!"

எனக்கு வேகம் வந்தால் அப்புறம் நிறுத்தமுடியாது. டாக்சிக்கு இன்னொரு பேரிங் போடவைத்தேன். உருவிய தகடுகளைத் திரும்ப அடுக்கவைத்தேன். அந்தோணி அண்ணன் மண்ணெண்ணெயில் கட்டையைத் துடைத்து ஒட்டவைத்து, ஒவ்வொன்றாக உருவி அளந்தார். இரண்டாவது தகட்டோடு முள் சொன்னபடி கேட்டது. மயிரிழை. அதோடு விட்டேனா? சாமி படத்தின் கீழிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்து, பழையபடி அடியில் அப்பி, காயவைத்து, மறுபடி ஒட்டி அளக்கச் சொன்னேன். முள் பேயாட்டம் ஆடியது. ராமலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சி, நீ கோர்ட்டுக்குப் போவேண்டிய ஆளு லா!" முனியாண்டி அண்ணன் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அந்தோணி அண்ணன் பக்கம் திரும்பாமலேயே, "நாளைக்கு ஒரு காடி வருது. அச்சு வேலதான். பாத்துருங்க" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

அந்தோணி அண்ணன் செபமாலையை மறுபடி பெட்டியில் மாட்டினார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "என் கை அப்பவே சொல்லிச்சி. நாந்தான் கேக்கல." அதற்குப் பிறகு எந்தக் காடியானாலும் முதலில் கையால் ஆட்டிப் பார்த்து, மனசில் ஓர் அளவு வைத்துக்கொண்டு, அப்புறம்தான் கடியாரத்தை எடுத்தார்.

வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி எனக்கு. அந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இல்லை. சாமான் கடையில், கோயிலில், பஸ் ஸ்டாப்பில், என் கல்யாணத்தில்கூட. அந்தோணி அண்ணன் மனைவியோடு வந்து சாப்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சிரித்தார்.

இப்போது அந்தச் சந்தில் ஒர்க்‌ஷாப் இல்லை. சுவருக்கு வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, வெள்ளைக்காரர்கள் தங்கும் சின்ன ஹோட்டல் ஆகிவிட்டது. ராமலிங்கத்தின் டாக்சி கடல் தாண்டி ஏறிவந்த ஃபெரியில் இனிக் காடிகளை ஏற்றுவதில்லை. என் மகன் வாங்கியிருக்கும் காடியில் அந்த மாதிரி அச்சே இல்லை. சத்தம் வந்தால் முழு சாமானையும் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றை மாட்டிவிடுகிறார்களாம். முனியாண்டி அண்ணன் போய்விட்டார். அந்தோணி அண்ணனும் போய் ஆறேழு கிறிஸ்மஸ் ஆகிவிட்டது. சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

அன்றைக்கு அந்த ஒர்க்‌ஷாப்பில் நான் பேசாத பேச்சு இல்லை. முதலாளியை வாயடைத்தேன், டாக்சிக்காரரைச் சிரிக்கவைத்தேன், சந்தனம் குழைத்து நிரூபித்தேன். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் அந்த மனுஷரோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தேன். தொடாதே என்று அவர் சொன்ன ஒரே பொருளைத் தொட்டதற்கு, "மன்னிச்சிருங்கண்ணே" என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை.